சேகரிப்பா, சேர்த்துவைக்கும் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முப்பது ஆண்டுகளாகத் தீப்பெட்டிப் படங்கள் சேர்க்கிறேன். என் பெரியப்பா தம் கடைசி இருபது ஆண்டுகளைச் செய்தித்தாள் கட்டுகளுக்கும் காலிப் பாட்டில்களுக்கும் நடுவே கழித்தார். இரண்டையும் அறிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “உனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?” பிறகு குரலைத் தாழ்த்தித் தங்கள் வீட்டுக் கதையைத் தொடங்குவார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததும், பெரியப்பா வீட்டில் கண்டதும்தான் இந்தப் பதில்கள்.

சேகரிப்பதும் குப்பை சேர்ப்பதும் ஒன்றுதானே? அளவுதானே வேறு?

அளவு இங்கே பேச்சே இல்லை. என்னிடம் நாலாயிரத்துக்கு மேல் படங்கள் இருக்கின்றன. எல்லாம் பதினொரு ஆல்பங்களுக்குள் அடங்கி, ஒரே அலமாரியின் இரண்டு தட்டுகளில் நிற்கின்றன. ஒரு பெட்டி கிடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, படம் தானாகக் கழன்று மிதக்கும்வரை காத்திருப்பேன். பிறகு தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்தி, எந்த ஊர், எந்த ஆலை என்று பின்புறம் பென்சிலால் எழுதுவேன். சிவகாசியில் 1923 இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதன் ஆரம்பக் காலப் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், எந்த ஆல்பம் என்று எழுந்து போகாமலே சொல்லிவிடுவேன். ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்வேன்.

பெரியப்பா வீட்டில் இவற்றில் எதுவும் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வு இல்லை. உள்ளே வந்த தாள், கயிறு, புட்டி, அட்டைப்பெட்டி எதுவும் வெளியே போகவில்லை. யாராவது பார்க்க வந்தால் எனக்கு மகிழ்ச்சி; அவர் கதவைப் பாதி மட்டும் திறந்து வாசலிலேயே நின்று பேசுவார். சேகரிப்பவர் ஒன்றைத் தேடிப் போகிறார். இந்தக் கோளாறு உள்ளவரால் ஒன்றைவிட்டு விலக முடிவதில்லை.

இதை உண்மையிலேயே நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்களா, இல்லை நாமாகப் பெயர் வைக்கிறோமா?

சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பிலும் அப்படியே. அதற்குமுன் இதை எண்ணச் சுழற்சி நோயின் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் OCD) ஒரு கிளையாகக் கருதிவந்தார்கள். மேலை நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது.

தமிழில் இதைப் ‘பதுக்கல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பதுக்கல் என்பது அரிசியையும் மண்ணெண்ணெயையும் விலை ஏறும்வரை மறைத்துவைக்கும் குற்றம். துன்பப்படும் ஒரு மனிதர்மேல் அந்தப் பழி ஏன் விழ வேண்டும்? நான் ‘சேர்த்துவைக்கும் கோளாறு’ என்றே சொல்கிறேன்.

என் மாமியார் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து எடுத்துவைக்கிறார். பரண் முழுக்கப் பித்தளை அண்டாவும் குண்டாவும். இவருக்கும் அந்த நோய்தானா?

இல்லை. பால் கவர் சேர்ந்தபின் எடைக்குப் போகிறதா? அண்டா கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ கீழே இறங்குகிறதா? அப்படியானால் இது சிக்கனம். பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்தவர்கள் சணல் கயிற்றைக்கூடச் சுருட்டிவைப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு இரண்டாம் வாழ்க்கை உண்டு: கிழிந்த வேட்டி கைப்பிடித் துணியாகும், பழைய புடவை தூளியாகும்.

பரண் என்பதே அடைத்துவைக்கத்தான் இருக்கிறது. அது நிறைந்திருப்பதால் யாருக்கும் துன்பம் இல்லை. பரணில் இருக்க வேண்டியது கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் இறங்கிவந்தால் அப்போது கவனியுங்கள்.

அப்படியென்றால் எந்த இடத்தில் கோட்டைப் போடுவது? ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

மருத்துவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள். பொருளின் மதிப்பு எதுவாக இருந்தாலும் அதை விட முடியாத நிலை தொடர்ந்து இருக்கிறதா? அதனால் வீட்டில் வாழ்வதற்கான இடங்கள் அடைபட்டு அவற்றின் பயன் போய்விட்டதா? அதனால் அவருக்கோ உடன் இருப்பவர்களுக்கோ துன்பமோ ஆபத்தோ உண்டா? வேறு யாராவது அள்ளிப்போட்டு வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால், அந்தச் சுத்தம் கணக்கில் சேராது.

ஒன்பது படங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. கூடம், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள். ஒன்றாம் படத்தில் அறை துப்புரவாக இருக்கும், ஒன்பதில் கூரை மட்டும்தான் தெரியும். நம் வீடு எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவைப்படலாம். ஆராய்ச்சியாளர்கள் ஏன் சொற்களை விட்டுப் படத்துக்குப் போனார்கள் என்பதைப் பெரியப்பா வீட்டில் புரிந்துகொண்டேன். “கொஞ்சம் அடைசலாக இருக்கிறது, அவ்வளவுதான்” என்பார். அவருடைய ‘கொஞ்சம்’, கட்டிலின்மேல் ஜன்னல் கம்பியின் பாதி உயரத்துக்கு நின்றது. ஏழு ஆண்டுகள் அவர் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார்.

படம் கையில் இல்லாவிட்டால் இவற்றைப் பாருங்கள்: கட்டிலில் கால் நீட்டிப் படுக்க முடிகிறதா, அடுப்பைப் பற்றவைக்க முடிகிறதா, குளியலறையில் குளிக்க முடிகிறதா, வாசற்கதவு முழுதாகத் திறக்கிறதா.

வெறும் சோம்பேறித்தனம்தானே? ஒரு நாள் உட்கார்ந்து எடுத்துப்போட்டால் முடிந்துபோகும் வேலை.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. பெரியப்பா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டியவர். ஒரு கட்டை அவிழ்ப்பார். ஒரு தாளை எடுத்து இரு கையாலும் விரித்து, மேலிருந்து கீழாகப் பார்ப்பார். மருத்துவக் குறிப்பு ஒன்று இருக்கும், அதைக் கிழித்துவைக்கலாமா என்று யோசிப்பார். பின்பக்கத்தில் வேறொரு செய்தி இருக்கும். கிழித்தால் அது போய்விடும். தாளை முழுதாக மடித்து இடப்பக்கம் வைப்பார். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கத்துக்கு மாற்றுவார். இரண்டு மணி நேரம் கழித்து அத்தனை தாளும் அதே கட்டுக்குள் திரும்பியிருக்கும், அவர் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். “படித்துவிட்டுப் போட்டுவிடுகிறேன், தாயி” என்பார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

அமெரிக்காவில் 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் உள்பக்கத்தைக் காட்டுகிறது. கோளாறு உள்ளவர்களிடம் அவர்களுக்கு வந்த பழைய தபால்களையும் வேறு யாருக்கோ வந்த தபால்களையும் காட்டி, வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று கேட்டு, மூளையின் செயல்பாட்டைப் படம் பிடித்தார்கள். பிறருடைய தாள் என்றால், முடிவெடுப்பதில் பங்குகொள்ளும் சில பகுதிகள் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. தம்முடைய தாள் வந்ததுமே அதே பகுதிகள் அளவுமீறிக் கொந்தளித்தன. நமக்கு ஒரு நொடி எடுக்கும் முடிவு அவர்களுக்கு ஒரு போராட்டம்.

இது குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டி, ஆண்டுக்காண்டு முற்றுகிறது. பலருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருக்கும். இழப்பு ஒன்று நேர்ந்தபின் தீவிரமடைவதும் உண்டு. பெரியம்மா இறந்த ஆண்டில்தான் எங்கள் வீட்டுப் பெரியவரின் இரண்டாவது அறை நிறைந்தது.

அவர் வீட்டில் அவர் இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகட்டுமே. நமக்கு என்ன?

வயது வந்தவரின் வீட்டில் அவர் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீ விருப்பம் பார்க்காது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் தீயணைப்புத் துறை பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, வீட்டுத் தீவிபத்துகளில் இத்தகைய வீடுகளின் பங்கு 0.25 சதவீதம்தான், தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் அதன் பங்கோ 24 சதவீதம். எரிவதற்கு நிறைய, ஓடுவதற்கு வழி இல்லை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த காலியர் சகோதரர்களின் கதை இன்னும் பயங்கரமானது. அண்ணன் ஹோமருக்குப் பார்வை போய்விட்டது. பார்வை திரும்பியதும் அவர் படிக்கட்டும் என்று தம்பி லாங்லி செய்தித்தாள்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்தார். 1947 மார்ச்சில் ஹோமர் இறந்துகிடந்ததைக் காவலர்கள் கண்டார்கள். லாங்லியைக் காணவில்லை என்று ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பொருள்களை அள்ளியபின், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் அவர் உடல் கிடைத்தது. குவியல் சரிந்து அவரை நசுக்கியிருந்தது. அந்த வீட்டிலிருந்து வெளியேற்றியது நூறு டன்னுக்கும் மேல். அண்ணன்மேல் கொண்ட அன்பில் சேர்த்த தாள்களும் அதில் இருந்தன என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுவிடலாமா? போகிக்குப் பழையதைக் கழிப்பதுதானே நம் வழக்கம்?

தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம்.

கண் அறுவைச் சிகிச்சைக்குப்பின் பெரியப்பாவை என் வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தோம். அந்த வாரத்தில் போகி வந்தது. அண்ணன்கள் சேர்ந்து இரண்டு மினி லாரி நிறைய ஏற்றி அனுப்பினார்கள். மீதியைத் தெருவில் கொளுத்தினார்கள். வீட்டுக்கு வெள்ளையும் அடித்தார்கள். நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். பச்சைத் துணியைக் கண்ணுக்குமேல் தூக்கிக்கொண்டு அவர் கூடத்துக்குள் வந்து நின்றார். வெறும் சுவரைக் கையால் தடவினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை அவரைத் தேடிப் போனபோது, தெருவில் குந்தி உட்கார்ந்து சாம்பலுக்குள் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு மாதத்தில் வீடு முன்னைவிட அதிகமாக நிறைந்தது. இம்முறை உள்ளே யாரையும் விடவில்லை, பூட்டை மாற்றிவிட்டார். என் மூத்த அண்ணனிடம் சாகும்வரை பேசவில்லை. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் வரியை அண்ணன் அன்று சொன்னார். கழிக்க வேண்டியவர் தாமே கழித்தால்தான் அது கழிதல். பிறர் பிடுங்கினால் அது பறிகொடுத்தல். விலக்கு ஒன்றுதான்: உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் வழியையும் அடுப்பைச் சுற்றியும் மட்டும், அவர் கண்முன், அவரிடம் சொல்லிவிட்டு ஒதுக்குங்கள்.

சரி, பிறகு எப்படித்தான் பேசுவது? வாயைத் திறந்தாலே சண்டை.

‘குப்பை’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவர் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள். அதைத் தூக்கிப்போடும் பேச்சோடு தொடங்காமல், அவருக்கு வேண்டிய ஒன்றோடு தொடங்குங்கள்: “பேத்தி வந்தால் படுக்க இடம் வேண்டாமா, மாமா? அந்தக் கட்டிலை மட்டும் பார்ப்போமா?” ஒரு கட்டில், ஒரு மூலை, அரைமணி நேரம் போதும். ஒவ்வொரு பொருளையும் அவர் கையாலேயே எடுக்கவிடுங்கள். முடிவு அவருடையது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

எரிப்பதற்கு மனம் வராதவர் கொடுப்பதற்கு இணங்கலாம். பெரியப்பாவின் காலிப் பாட்டில்களைத் தெருமுனை ஊறுகாய்க்காரம்மா கேட்டபோது, முப்பதை அவரே கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொருள் வீணாகவில்லை என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. உள்ளே வருவதைக் குறைப்பதும் பாதி வேலை. வாங்கும் நான்கு செய்தித்தாள்களை ஒன்றாக்க அவர் சம்மதித்தால் அது பெரிய வெற்றி.

எந்த டாக்டரிடம் போவது? மாத்திரை உண்டா?

மனநல மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் இரண்டையும் பலரும் அறிவார்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உடன் இருப்பவர்களும் அழைக்கலாம்.

இதற்கென்றே அங்கீகரித்த மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுப்பார்கள். முதன்மையான சிகிச்சை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சைதான்: வகைபிரிக்க, முடிவெடுக்க, ஒன்றை விட்டுவிட்டு அந்தத் தவிப்பு அடங்கும்வரை பொறுத்திருக்க. மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்கே வந்து பழக்குகிறவர் கிடைத்தால் நல்லது. நோயாளி வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்க் கேளுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் லாரியைக் கூப்பிட்டோம்.

என் அப்பா எழுபது வயதுவரை அவ்வளவு ஒழுங்கானவர். இரண்டு வருடமாகத் தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிறார்.

காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். மேலே சொன்ன கோளாறு இளமையிலேயே தொடங்கி மெல்ல வளர்வது. முதுமையில் புதிதாக வந்தால் மறதிநோய், குறிப்பாக மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை, காரணமாக இருக்கலாம். குணம் மாறுவது, கூச்சம் விட்டுப்போவது, உடலைப் பேணாமல் இருப்பது இவற்றையும் கவனித்துச் சொல்லுங்கள். இந்த நிலையில் பேசிப் பழக்குவதைவிட மூளைப் பரிசோதனைதான் முதலில் வர வேண்டும்.

என் கணவர் நாணயம் சேர்க்கிறார். எல்லாம் ஆல்பத்தில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம் ஏலத்தில் போய்விட்டது. இது எதில் சேரும்?

இதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. வீடு அடைபடவில்லை, பொருள் ஒழுங்காக இருக்கிறது. அதனால் மேலே சொன்ன கோளாறு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. சேகரிப்பவர்கள் நாங்கள் ஆல்பத்தின் அழகைக் காட்டியே இதை மூடிமறைத்துவிடுவோம். விலையைக் குறைத்துச் சொல்வது, பார்சலை அலுவலகத்துக்கு வரவழைப்பது, “இது கடைசி” என்று மாதம் மூன்று முறை சொல்வது — இவற்றை நான் பல நண்பர்களிடம் கண்டிருக்கிறேன்.

அவரிடம் நாணயத்தைப் பழிக்காமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்குமேல் வேண்டும் என்றால் கையில் இருப்பதில் ஒன்றை விற்பது. அதற்கு ஒத்துக்கொண்டு மூன்று மாதம் நிற்க முடிந்தால் பொழுதுபோக்கு மீண்டுவிடும். ஒத்துக்கொண்டும் நிற்க முடியவில்லை என்றால், கட்டுப்படுத்த முடியாமல் வாங்கும் பழக்கத்துக்கும் மருத்துவ உதவி உண்டு. எந்த டாக்டரிடம் போவது என்ற கேள்விக்குச் சொன்ன இடங்களே போதும்.

முப்பது பூனை வளர்க்கும் அக்காவையும் இதில் சேர்ப்பீர்களா?

எண்ணிக்கையை வைத்துச் சேர்க்க மாட்டேன். முப்பதுக்கும் தீனியும் தடுப்பூசியும் சுத்தமான இடமும் கிடைத்தால் அவர் செய்வது தொண்டு. பூனைகள் மெலிந்து, நோயுற்று, செத்தவை எடுக்கப்படாமல் கிடந்தும் “என்னிடம்தான் இவை நன்றாக இருக்கின்றன” என்று அவர் நம்பினால், அது இந்தக் கோளாற்றின் ஒரு வகை. அங்கே மருத்துவரோடு கால்நடை மருத்துவரும் தேவை.

செல்பேசியில் நாற்பதாயிரம் படம் இருக்கிறது. ஒன்றைக்கூட அழிக்க முடியவில்லை.

பெரும்பாலோருக்கு இது நேரம் கிடைக்காத பிரச்சினை, அவ்வளவே. ஆனால் உண்மையாகவே துன்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் நாளொன்றுக்கு ஆயிரம் படம்வரை எடுத்து, அவற்றை வகைபிரிப்பதிலேயே நாளைத் தொலைத்த ஒருவரைப் பற்றி 2015 இல் மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. உங்கள் தூக்கத்தையும் வேலையையும் அது தின்கிறதா என்று பாருங்கள்.

ரோஜா முத்தையா செட்டியாரும் கண்டதையெல்லாம் சேர்த்தவர்தானே? அன்று யாராவது தடுத்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு நஷ்டம்!

அவர் பெயரைச் சொல்லும்போதே எனக்குக் கை குவிகிறது. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில், ஓவியரான அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம். 1992 இல் அவர் மறைந்தபின், 1994 இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது.

கண்டதையெல்லாம் அவர் சேர்க்கவில்லை. தமிழில் அச்சானது என்பது அவருடைய எல்லை. பிறர் அழைப்பிதழைக் குப்பை என்றபோது அது ஒரு காலத்தின் சான்று என்று அவருக்குத் தெரிந்தது. அவர் வாழ்ந்த காலத்திலேயே ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடிப் போய்ப் பார்த்துப் பயன்பெற்றார்கள். பெரியப்பாவிடமும் நாற்பது ஆண்டுத் தாள்கள் இருந்தன. ஆனால் 1991 மே மாதத் தாள் ஒன்றை நான் கேட்டபோது, அவரால் எடுக்க முடியவில்லை. அடியில் இருந்தவை கரையான் அரித்து மண்ணாகியிருந்தன. பொருளின் மதிப்பை வைத்து நான் பேசவில்லை. அவரே தம் பொருளை அடைய முடியாமல் போனதைச் சொல்கிறேன்.

எனக்கு எந்தத் தபால்தலையையும் விற்க மனம் வராது. நானும் அந்தப் பக்கம் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

விற்க மனம் வராதது பிரியம். பயப்பட வேண்டாம். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்: அலமாரியின் அந்த இரண்டு தட்டுகளைத் தாண்டுவதில்லை. புதிய ஆல்பம் வேண்டும் என்றால் பழையதிலிருந்து ஒரு பகுதி பள்ளி மாணவர் ஒருவருக்குப் போகும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேப்பிலை மாற்றி, பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறேன். நான் இல்லாதபோது யாருக்குப் போக வேண்டும் என்று முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

அப்பா தவறிவிட்டார். வீடு முழுக்க அவர் சேர்த்தது. ஆள் வைத்து அப்படியே அள்ளிவிடலாமா?

அவசரம் வேண்டாம். முகத்துக்கு மாஸ்க், கைக்குத் தடித்த உறை, காலுக்குச் செருப்பு கட்டாயம். அடியில் தேளும் பாம்பும் இருக்கலாம். கதவுப் பக்கமிருந்து தொடங்குங்கள், குவியலின் அடியிலிருந்து உருவாதீர்கள். எடைக்குப் போடும்முன் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துத் தாள் தாளாக உதறுங்கள். முக்கியமானது, முக்கியமில்லாதது என்று அவர் பிரித்துவைத்திருக்க மாட்டார். எங்கள் வீட்டு மூலப்பத்திரம் பழைய காலண்டர் கட்டு ஒன்றின் நடுவில், மளிகைக் கடை ரசீதுகளோடு சேர்ந்து கிடைத்தது. பெரியம்மாவின் இறப்புச் சான்றிதழும் அதற்குள்ளேயே இருந்தது.